இரண்டாவது கையெழுத்து

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியைச் சரிபார்ப்பது என் வேலை. லென்ஸை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ண வேண்டும். அப்படிக் குனிந்திருந்தபோதுதான் மேசை விளிம்பு இடது மார்பில் பட்டு, உள்ளே ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. வலிக்கவில்லை. அதனால் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்தல்) செய்தார்கள். புற்றுநோய்தான். ஆனால் ஹெர்-2 (செல்களைப் பெருகத் தூண்டும் புரதம்) மிகுதியாக இருக்கிறதா என்பதில் மட்டும் முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தது. அதைத் தீர்க்க, ஃபிஷ் சோதனைக்கு (ஒளிரும் டி.என்.ஏ. துண்டுகளைச் செல்லுக்குள் ஒட்டவைத்துப் பார்ப்பது) சதையை மதுரைக்கு அனுப்பினார்கள். அந்தப் புரதத்துக்கான மரபணு சிவப்புப் புள்ளியாகத் தெரியுமாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சைப் புள்ளி. சிவப்பு மிகுந்தால் நோய் வேகமானது. ஆனால் அதற்கென்று தனி ஊசி இருக்கிறது. தப்பாக எண்ணிவிட்டால் அந்த ஊசி கிடைக்காமலே போகும்.

“யாரு எண்ணுவாங்க டாக்டர்?”

“ரெண்டு பேர் தனித்தனியா எண்ணுவாங்கம்மா. பயப்படாதீங்க.”

எனக்கு அங்கேதான் பயம் பிடித்தது. எங்கள் மில்லிலும் இரண்டு பேர் தனித்தனியாக இழை எண்ண வேண்டும்; எண்ணிக்கைச் சீட்டில் இரண்டு கையெழுத்து உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும். கூட வேலை பார்க்கும் மல்லிகா போட்டதைப் பார்த்து, எண்ணாமலேயே கீழே நான் போட்டிருக்கிறேன். ஒரு முறை அல்ல.

காத்திருந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. அவர்களும் என்னைப் போல எண்ணாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டால் என்று கணவரிடம் கேட்டேன்.

“ஏட்டி, அவிய படிச்சவிய. உன்னய மாதிரியா?” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடிவு வந்தது: சிவப்பு மிகுதி. தப்பாக எண்ணியிருப்பார்கள் என்று டாக்டரிடம் வாதாடினேன். அவர் கோபப்படாமல் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பில் நீல உருண்டைகளாகச் செல்கள். ஒன்றில் விரலை வைத்து எண்ணினேன். பச்சை இரண்டு. சிவப்பு ஒன்பது, அதற்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அடுத்த செல்லிலும் அப்படியே. கண் பிசகவில்லை.

இப்போது ஊசி ஏறுகிறது. மாதக் கணக்கெல்லாம் போய், எனக்கு எல்லாமே ஊசிக்கு ஊசி இருபத்தொரு நாள்தான். குளிக்கும்போது என் மார்பைத் தொடவே பயமாக இருக்கிறது. தெம்புள்ள நாட்களில் வேலைக்குப் போகிறேன்.

நேற்று மதியம் மல்லிகா சீட்டை நீட்டினாள். “எண்ணிட்டேன்ட்டி. போடு.”

“செத்த இரு” என்று லென்ஸை எடுத்தேன்.

அவள் சீட்டில் எழுதியதைவிட இரண்டு இழை குறைந்தது. மறுபடி எண்ணினேன். குறைவுதான். கையெழுத்துப் போடாமல் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.