விறைத்த விரலும் பாதிக் கண்ணாடியும்

பஸ் கண்ணாடியின் விளிம்பில் மாட்டிய ரப்பர் பட்டையின் பள்ளத்துக்குள் இரண்டு கைகள் நைலான் கயிற்றை அழுத்திக்கொண்டே போயின. வலது கட்டைவிரல் அழுத்தியது. இடது ஆட்காட்டி விரல் பின்னாலேயே தடவிச் சரிபார்த்தது. கண்ணாடியைச் சுற்றிவந்த கயிற்றின் இரு முனைகளும் கீழ்விளிம்பின் நடுவில் ஒன்றையொன்று தாண்டியதும் கைகள் நின்றன.

"மலைமேல போய்க் கோத்துக்கலாமே, நேரமாகுது" என்றான் கணவன்.

"மேல குளிர்ல விரல் மரத்துடும். தூக்குங்க."

பட்டறைத் தெருவில் அவளைக் கண்ணாடிக்காரம்மா என்பார்கள். கல்யாணத்துக்கு முன் தையல் கடையில் இருந்தவள். பஸ்ஸுக்குள்ளிருந்து கயிறு இழுக்க ஆள் வராத ஒருநாள், "பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரிதானே" என்று, பஸ்களுக்குக் கண்ணாடி மாட்டும் கணவனுக்குத் துணையாக ஏறினாள். அன்று இழுத்த கண்ணாடி மூலையில் விரிசல் விட்டது. பஸ்ஸின் சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய கண்ணாடிச் சில்லு ஒன்றுதான் காரணம். அதன்பின் பதினாறு வருடமாக, சட்டத்தை வெறும் விரலால் ஒரு சுற்றுத் தடவாமல் அவள் எந்தக் கண்ணாடியையும் ஏற்றவிட்டதில்லை.

இப்போது மலை உச்சியில் ஒரு பஸ் நின்றிருந்தது. உருண்டு வந்த கல், இரண்டு பாதிகளாக இருந்த முன்கண்ணாடியில் ஓட்டுநர் பக்கத்துப் பாதியை நொறுக்கிவிட்டது. உள்ளே முப்பத்தொரு பேர், ஒரு கைக்குழந்தை. மண் சரியும் என்று நான்கு மணிக்குப் பாதையை மூடுகிறார்கள். அதற்குள் கிளம்பாவிட்டால் ராத்திரி முழுக்க அந்தக் குளிரில்தான். அந்த அளவில் அவளிடம் இருந்தது இந்த ஒரே கண்ணாடி.

கணவனுக்கு மலை என்றாலே தலை சுற்றும். வேனை அவள் ஓட்டினாள். பின்னால் மெத்தைகளுக்கு நடுவே அவன் கண்ணாடியை அணைத்தபடி உட்கார்ந்தான்.

"என்னைக்கூட இப்படிப் பத்திரமாப் பிடிச்சதில்ல நீங்க."

"நீ விழுந்தா உடைய மாட்டியே."

அடிவாரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஐந்தாம் வளைவில் பள்ளத்தாக்கு முழுதாக விரிந்தது. ஆறு கீழே நூல்போலக் கிடந்தது.

"பாருங்க, எவ்வளவு அழகு!"

"நான் கண்ணை மூடி ரொம்ப நேரமாச்சு."

ஏழாம் வளைவில் அந்தப் பள்ளத்தாக்கையே காணோம். மூடுபனி சாலையின் ஓரத்தை அழித்துவிட்டது. வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஊர்ந்தாள். பத்தாம் வளைவில் மழை, அதோடு ஆலங்கட்டி. கூரைத் தகரத்தில் டக்கென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் பின்னால் திரும்பினாள்.

"கண்ணாடியா?"

"கூரை. நீ ரோட்டைப் பாரு, தாயே."

பிறகு சாலையில் கற்கள். கண்ணாடி உடைய ஒரு குலுக்கல் போதும். வேனை நிறுத்தி, கொட்டும் மழையில் இறங்கி, ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி ஓரத்தில் போட்டாள். ஒன்பது கற்கள். மீண்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது விரலுக்குப் பிடித்திருப்பதே தெரியவில்லை.

மூன்றேகாலுக்கு மேலே சேர்ந்தார்கள். மழை விட்டு, இளவெயில்கூட எட்டிப் பார்த்தது. பஸ் ஓட்டுநர் ஓடிவந்தார். "அக்கா, சீக்கிரம்! பாதையை மூடுற கேட்டுக்காரன் ரெண்டு தடவை வந்து மிரட்டிட்டுப் போயிட்டான்."

அவள் சட்டத்தை ஒரு சுற்றுத் தடவினாள். கண்ணாடியை வெளியிலிருந்து கணவன் பொருத்திப் பிடிக்க, அவள் உள்ளே ஏறிக் கயிற்றை இழுத்தாள். ரப்பரின் உதடு சட்டத்தின் மேல் சரசரவென்று ஏறிவந்தது. மேல் இடது மூலையில் கயிறு இறுகியது. கண்ணாடியிலிருந்து 'இக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

கையை எடுத்துவிட்டாள். "கழட்டுங்க."

"இன்னும் ஒரு சாண்தானே இருக்கு, இழுத்துடுங்கக்கா!" ஓட்டுநர் தலையில் கைவைத்தார். "மூணரை ஆச்சு!"

"இழுத்தா உடையும். உடைஞ்சா வேற இல்ல."

பயணிகள் முணுமுணுத்தார்கள். கணவன் கழற்றினான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டத்தைத் தடவியது உண்மை. ஆனால் தடவிய விரலில் உணர்ச்சியே இல்லை. பழக்கத்துக்குச் சுற்றிவந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"இன்ஜினைப் போடுங்க" என்றாள்.

ஓட்டுநர் புரியாமல் சாவியைத் திருப்பினார். அவர் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த இன்ஜின் மூடியில் இரண்டு கைகளையும் விரித்துவைத்தாள். பஸ் முழுக்க அவளையே பார்த்தது.

"குளிர் காயவா வந்தீங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

விரல் நுனிகள் ஊசி குத்துவதுபோல எரிய ஆரம்பித்ததும் எழுந்து, மூலையை மறுபடி தடவினாள். இருந்தது. அரிசிக் குருணை அளவுகூட இல்லாத பழைய சில்லு. நகத்தால் நெம்பி எடுத்து ஓட்டுநரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதற்குப் பிறகு மணி சொல்லவில்லை.

கயிற்றை மறுபடி கோத்தாள். கணவன் சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தான். மூலை வந்தபோது அவள் மெதுவாக இழுத்தாள். ரப்பர் வழுக்கிக்கொண்டு ஏறியது. கயிறு முழுதாகக் கையோடு வந்தது.

நான்கு மணிக்கு இன்னும் ஏழு நிமிடம். சோப்பு நுரையையும் தன் கைரேகையையும் துடைத்துவிட்டு அவள் இறங்கினாள். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து, வைப்பரை ஒருமுறை ஓடவிட்டார்.

"அக்கா, கண்ணாடி இருக்கிற மாதிரியே தெரியல."

அவள் வெளியிலிருந்து விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டினாள்.

"இருக்கு. குலுக்காம ஓட்டிட்டுப் போங்க."