ஆளில்லாத தீவில் ஐந்து குடும்பங்கள்

பால் டின்னின் மூடியில் ஆணி வைத்து அடித்த இரண்டு ஓட்டைகள். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் மலாக்காக் கடைக்காரர்கள் டின் சாமான் எதை விற்றாலும் அப்படி ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கடத்திச் சேர்த்து வைக்க முடியாது என்பது சர்க்காரின் யோசனை. கடைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அதனால் பெரிய கஷ்டமில்லை. நான் அந்த டின்களைச் சீனத் தவுக்கே முதலாளியின் தொங்காங் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோனவன். காற்று ஒழுங்காக இருந்தால் அரை நாள் ஓட்டம். சுமத்ராக் காற்று கிளம்பினால் எங்காவது ஒதுங்கிக் கிடந்து இரண்டு நாளும் ஆகும். சாக்குப் போட்டு மூடினாலும் பால் வெளியே கசியும், கடல்தண்ணீர் உள்ளே போகும். தீவில் இறக்கும்போது புளித்த வாடை அடிக்கும். தீவில் குடியிருந்த அக்கா ஒவ்வொரு டின்னாக எடுத்து முகர்ந்து பார்த்து மணலில் வைப்பார். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். நல்ல பக்கத்தில் ஒன்றுகூட இல்லாத நாளும் உண்டு.

"ஏன் தம்பி, கம்னிஸ்டு இங்க நீந்தியா வருவான்?" என்று கேட்பார். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. அவர் இடுப்பில் இருந்த குழந்தை ஆறு மாதத்துக்கு மூன்று மாதம்போல இருந்தது. மலேரியாக் காய்ச்சல் வந்ததிலிருந்து அக்காவுக்குத் தாய்ப்பால் நின்றுவிட்டது.

அவர் எனக்கு உறவில்லை. பாயா ரும்புட் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்கள், அவ்வளவுதான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரம் சீவினேன், லாரியில் கிளீனராகப் போனேன், ஒரு மளிகைக் கடையில் மூட்டை சுமந்தேன். எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. அக்கா அப்படியில்லை. ஓர் இடத்தை அவரே தேர்ந்தெடுத்து அதில் நின்றவர்.

ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, அக்காவும் அவர் புருஷனும் இன்னும் நான்கு குடும்பங்களும் ஒரு மலாய் மீனவரின் படகில் இந்தத் தீவுக்குத் தப்பி வந்தார்கள். ஆள் வாழாத தீவு என்றுதான் வந்திருக்கிறார்கள். புதரை வெட்டும்போது கல் கட்டிய கிணறு ஒன்று கிடைத்தது. அதற்கு மேலே மேட்டில் நடுகல் இரண்டு வைத்த ஒரு மலாய்க் கல்லறை. யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்று மீனவருக்கும் தெரியவில்லை. கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ணித் தண்ணீர் குடித்தார்கள். தண்ணீர் கொடுத்த வீட்டுக்காரர் என்று, வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கல்லறையைக் கூட்டிவிட்டார்கள். மரவள்ளி போட்டார்கள், கோழி வளர்த்தார்கள், கருவாடு காயவைத்துக் கரைக்கு அனுப்பினார்கள். சண்டை முடிந்ததும் தோட்டத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். அக்கா போகவில்லை. "அங்க இருட்டுல எந்திரிச்சுப் பிரட்டுல நிக்கணும், பேரு கூப்பிடுவான், ஆஜர்னு சொல்லணும். இங்க என்னைய யாரு கூப்பிடுறா?" என்று சொல்லிவிட்டார்.

பிறகு அவசரகாலம் வந்தது. பெரியவர்கள் எல்லோரும் படம் பிடித்து, கைரேகை வைத்து, அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்றார்கள். கரையிலுள்ள மீனவர் கிராமமான கம்பத்துக்குப் போலீஸ்காரர்கள் வந்து மேசை போட்டார்கள். தீவிலிருந்து பதினோரு பேரை நான்தான் கூட்டிப்போனேன், எழுதத் தெரிந்தவன் என்பதால். முகவரி கேட்டபோது அக்கா, "தீவுன்னு சொல்லு தம்பி" என்றார். நான் குறுக்கே விழுந்தேன். தீவுக்கு ரோடு கிடையாது, வீட்டு நம்பர் கிடையாது, அப்படிச் சொன்னால் ஆயிரம் கேள்வி வரும், தோட்டத்துப் பேரைச் சொல்லுங்கள், துரை பேரும் மேஸ்திரி மண்டோர் பேரும் போலீஸ்காரனுக்குத் தெரியும், வம்பில்லை என்றேன். என் அட்டையிலும் அதைத்தான் போட்டிருந்தேன். லாரியில் எந்தப் பக்கம் போனாலும் வழிமறிக்கும் போலீஸ்காரன் தோட்டத்துப் பேரைப் பார்த்துவிட்டுப் போ என்பான். எந்த ஊரும் இல்லாத எனக்கு அது வசதியாக இருந்தது. ஊர் உள்ளவர்களுக்கும் அதையே போட்டுக் கொடுத்தேன். "சரி, நாலு எடம் பாத்தவன் நீ" என்றார் அக்கா. அந்தச் சொல்லில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பால் பிரச்சினைக்கும் நான்தான் வழி கண்டுபிடித்தேன். ஓட்டை போடாத டின் வேண்டும், இரண்டு வாரத்து அரிசியை ஒரே தடவையில் எடுத்துப்போக அனுமதி வேண்டும் என்று ஒரு மனு. மலாக்காவில் மூன்று தடவை ஏறி இறங்கினேன். முதல் தடவை அதிகாரி இல்லை. அடுத்த தடவை இந்த ஆபீஸ் இல்லை, அந்த ஆபீஸ் என்றார்கள். அந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்த எழுத்துவேலைக் கிராணி ஒரு தமிழர். எனக்கு நம்பிக்கை வந்தது. மனுவைப் படித்துவிட்டுப் பதினோரு அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"இவங்கல்லாம் எங்க இருக்காங்க?"

"தீவுல சார்."

"கார்டுல தோட்டம்னு இருக்கே."

"அது சும்மா பேருக்குப் போட்டது சார்."

"பேருக்குப் போடவா சர்க்கார் படம் பிடிச்சுக் குடுக்குது? பேப்பர்படி அந்தத் தீவுல ஒரு ஆளும் இல்ல. ஆளில்லாத எடத்துக்கு எதுக்குலா அரிசி, பாலு? யாருக்குப் போவுது இதெல்லாம்?"

குழந்தையைப் பற்றிச் சொன்னேன். குழந்தையின் பேர் எங்கே பதிந்திருக்கிறது என்று கேட்டார். அது எங்கும் பதியவில்லை.

கொஞ்ச நாளில் போலீஸ் படகு தீவுக்குப் போனது. சுட்டுவிடுவார்கள் என்று பயந்தோம், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மரியாதையாகவே ஏற்றிக்கொண்டு வந்து, அட்டையில் போட்டிருந்த தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். அதற்குள் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, வாசலில் சோதனைக்கு ஆள் நிறுத்தியிருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு வீடு இல்லை. ஐந்து குடும்பமும் ஸ்டோர் ஓரத்தில் சாக்குத் தடுப்புக் கட்டிக்கொண்டு கிடந்தன. விடியும் முன்னே பிரட்டு. அக்கா பேரைக் கூப்பிட்டார்கள், அக்கா ஆஜர் என்றார்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "நீ எழுதின ஊருக்கே வந்து சேந்துட்டேன் பாத்தியா" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நல்ல பால் கிடைத்துக் குழந்தை பிழைத்தது, அதையும் சொல்ல வேண்டும். அக்காவும் அதை மறைத்ததில்லை.

முள்கம்பியை எடுத்த பிறகு, தீவுக்குத் திரும்ப அனுமதி கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். அங்கே யாரும் குடியிருந்ததாகப் பதிவில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில் வேறு கையெழுத்தோடு வந்தது. அந்தக் காகிதத்தைக் கிழிக்கவும் முடியாமல், பெட்டியில் போட்டு மறக்கவும் முடியாமல், எவ்வளவோ நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் தீவை யாரோ வாங்கி ஹோட்டல் கட்டினார்கள்.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது அட்டை மாற்றும் ஆபீஸில். அந்தக் குழந்தை வளர்ந்து கல்யாணமாகி, புக்கிட் பெருவாங்கில் வீடு வாங்கியிருந்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு வந்திருந்தது. என்னையும் துணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் முகவரி கேட்டாள். அக்கா முதலில் என் பக்கம் திரும்பினார். "இந்தத் தடவ நீ வாயத் தொறக்காத" என்றார். பிறகு நிதானமாகத் தீவின் பேரைச் சொன்னார்.

"பாட்டி, அங்க ஹோட்டல்தானே இருக்கு" என்று அந்தப் பெண் சிரித்தாள். மகள் முன்னால் வந்து, "அம்மாவுக்கு வயசாச்சு லா" என்று புக்கிட் பெருவாங் வீட்டு நம்பரைச் சொன்னாள். அவள்மேல் தப்பில்லை. வம்பு வேண்டாம் என்றுதான் அவளும் நினைத்தாள். பேசாதே என்று சொல்லியிருந்ததால் நான் பேசவில்லை. நான் ஒருவன்தான் சாட்சி, நானும் சும்மா நின்றேன்.

வெளியே மகள் காரை எடுக்கப் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னது அந்தப் பொண்ணுக்குக் கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சுக்கா."

"கேட்டுட்டுமா எழுதல?"

கார் வந்து நின்றது. நான் கதவைத் திறந்துவிட்டேன்.