கொம்பில்லாத கிடா

என் புருவத்தை ஆட்டுக் கொம்பு கிழித்த அன்று அப்பா ஆட்டை அடிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி என் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ரத்தம் நின்ற பிறகு, "இனிமே நம்ம ஊட்ல கொம்பே வாணாம்" என்றார். கண் தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். கொஞ்ச நாளில் கொம்புள்ள ஆடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின.

தங்கச் சுரங்கம் மூடி வேலை போன பின் அப்பாவுக்கு ஆடுகள்தான் பிழைப்பு. மாரிகுப்பத்தில் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் பலர் கறிக்கு ஆடு வளர்த்தார்கள். அப்பா பாலுக்கு வளர்த்தார். நிறையக் கறக்கும் தாயின் குட்டியை, அதிலும் இரட்டையாகப் பிறந்ததை மட்டும் நிறுத்திக்கொள்வார். மற்றதை விற்றுவிடுவார். என் காயத்துக்குப் பிறகு கொம்பும் இருக்கக் கூடாது என்பது சேர்ந்துகொண்டது. ஆந்திர எல்லைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கொம்பில்லாத கிடா ஒன்றை வாங்கி வந்தார். அதன் பெட்டைக்குட்டிகளிலும் கொம்பில்லாதவையே தங்கின. பால் உண்மையாகவே கூடியது. சுரங்கத்தின் மறுகோடியில் இருக்கும் பாலகாட்டிலிருந்தெல்லாம் குட்டி கேட்டு வந்தார்கள். அப்பா நிமிர்ந்து நடந்த காலம் அது.

எதிர்வீட்டு அத்தைக்கு அவர் கொடுத்தது, இருந்ததிலேயே நல்ல கறவையின் குட்டி. சின்ன வயதிலேயே கணவரை இழந்து அண்ணன் வீட்டோடு இருந்தவர் அத்தை. பால் விற்றுத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆடு பளபளவென்று வளர்ந்தது. சினை மட்டும் பிடிக்கவே இல்லை. எத்தனை முறை கிடாவிடம் ஓட்டி வந்தும் பயனில்லை. "ஆட்ட இன்னா சொல்றது? அவ கைராசி அப்படி" என்று தெருவில் பேச்சு கிளம்பியது. குழாயடியில் அதை என் அம்மாவும் சொன்னாள். பக்கத்தில் நின்று நான் கேட்டேன். அதன்பின் யார் வீட்டில் ஆடு குட்டி போட்டாலும் அத்தையைக் கூப்பிடுவதில்லை. ஒருநாள் அவர் அண்ணன் அந்த ஆட்டைக் கறிக்கடைக்கு விற்றுவிட்டார். அத்தையே தெருமுனை வரை அதை நடத்திக்கொண்டு போனார். அவர் கூப்பிட்டால்தான் அது நகரும்.

மறு வருடம் எங்கள் பட்டியிலேயே இரண்டு ஆடுகளுக்குச் சினை நிற்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிடாவுக்கும் கொம்பு கிடையாதா?" என்று கேட்டார். அப்பா பெருமையாகத் தலையாட்டினார். தாய் தகப்பன் இரண்டுக்குமே கொம்பில்லாவிட்டால் பிறக்கும் பெட்டைகளில் சில இப்படித்தான் பிறவியிலேயே மலடாகிவிடும், ஒன்றுக்காவது கொம்பு இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அப்பா எதிர்வீட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. "இப்போ போய்ச் சொல்லி இன்னா ஆவப்போவுது? ஆடுதான் போயிடுச்சே" என்றாள் அம்மா. "ஆடு போச்சு. அந்தப் பொண்ணு மேல போட்ட பேரு அப்படியே கீதே" என்றார் அப்பா. அந்தக் கிடா எங்கள் வீட்டுக்கு வந்ததே என்னால்தான்.

மறுநாள் குழாயடியில் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது அப்பா போய் நின்றார். "தங்கச்சி, அந்த ஆடு பொறக்கும்போதே மலடு. உங்கையில ஒரு கொறையும் இல்ல. தப்பா ஜோடி சேத்தவன் நான்" என்றார். வேறு குட்டி தருவதாகவும் சொன்னார்.

அத்தை நிரம்பிய குடத்தை நகர்த்தி வைத்தார். "வாணாம்ண்ணா" என்றார் பிறகு. "ஊரு சொன்னது போவட்டும். நானும் அதத்தான் நம்பிட்டேன். எங்க அண்ணன் பேத்தி பொறந்து இப்போ நடக்குது. யாரும் தூக்காதேன்னு சொல்லல. நானாத்தான் ஒரு தபாகூடத் தூக்கல." அம்மா தலைகுனிந்து நின்றாள். அன்றே அப்பா கிடாவை மாற்றினார். குட்டி வாங்கியவர்கள் வீடுகளுக்கெல்லாம் போய் விஷயத்தைச் சொன்னார்.

இப்போது நான் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கொம்புள்ள கிடாவோடு சில ஆடுகள் இருக்கின்றன. சென்ற வருடம் என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்ததும், "மொதல்ல எதிர்வீட்டு அத்த கைல குடு" என்றார். கொண்டுபோனேன். அத்தை அவசரமாகக் கையை முந்தானையில் துடைத்தார். நீட்டினார். பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தூங்குது கண்ணு, இருக்கட்டும்" என்றார்.

குழந்தை விழித்துத்தான் இருந்தது. அதன் பாதத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு, நான் ஏதாவது சொல்வேனோ என்று அத்தை என் முகத்தைப் பார்த்தார்.