கறுப்பு மை மூடாத பெயர்

துருப்பிடிக்கும் என்பதால் கம்பிக் கவ்விகளை முதலில் கழற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு தாளையும் அமிலம் இல்லாத உறையில் இட்டு, பென்சிலால் எண் எழுத வேண்டும். பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இதுதான் என் வேலை. போன வசந்தத்தில் எனக்கு வந்தவை, காலமான பேராசிரியை ஒருவரின் பெட்டிகள். இனவெறித் தாக்குதல்களையும் அவற்றின் பின்னால் நின்ற குழுக்களையும் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அந்தக் குழுக்கள் மின்கம்பங்களில் ஒட்டிய ஸ்டிக்கர்கள், கடிதப் பெட்டிகளுக்குள் தள்ளிய துண்டுப்பிரசுரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். என்னைப் போன்றவர்களை விமானம் ஏற்றி அனுப்பச் சொல்லும் தாளில் சுருக்கம் விழாமல் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம். இந்தக் குப்பையை எரித்துவிட்டுச் செத்திருக்கலாமே என்று அந்த மனுசியைப் பலமுறை மனதுக்குள் ஏசியிருக்கிறேன்.

பதினோராவது பெட்டியில் தாக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்கள் இருந்தன. அடையாளம் வெளியே தெரியாது என்று எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். அதன்படி ஒவ்வொரு தாளிலும் குடும்பப் பெயரைக் கறுப்பு மையால் மூடியிருந்தார். முதற்பெயரை விட்டிருந்தார். மரி, சோஃபி என்றால் அது போதும். இந்த நகரத்தில் எத்தனை மரி!

ஆறாவது தாளில் என் மகளின் பெயர் இருந்தது.

வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. அவள் பிறந்தபோது என் கணவர் எண்சாத்திரம் பார்த்து, ஆங்கில எழுத்தில் நடுவில் ஒரு எச்சும் கடைசியில் இன்னொரு ஏயும் கூட்டிவைத்தார். மையால் மூடியிருந்தது அவருடைய பெயரைத்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை; தகப்பன் பெயரைக் கடைசியில் போடுகிறோம். பேராசிரியை கவனமாகத் தகப்பனை ஒளித்துவிட்டுப் பிள்ளையை வெளியில் விட்டிருந்தார்.

உறையில் இடும் தாளை நின்று வாசிக்கக் கூடாது என்பது எங்கள் வேலை ஒழுங்கு. வாசித்தேன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் அவள் கல்லூரிக்குப் போன காலம். பஸ் தரிப்பில் இரண்டு பேர். பின்னலைப் பிடித்து இழுத்து, முகத்தில் துப்பி, தரையில் தள்ளியிருக்கிறார்கள். ஒருவனின் சட்டைக் கையிலிருந்த குறியை அவள் வரைந்தும் காட்டியிருந்தாள். அதே குறியுள்ள ஸ்டிக்கரை முந்தின கிழமைதான் நான் உறையிலிட்டிருந்தேன். கடைசியில் ஒரு கேள்வி, வீட்டில் சொன்னாயா என்று. இல்லை, அம்மா முதலில் என்னைத்தான் குற்றம் சொல்லுவா என்பது பதில்.

இலையுதிர் காலத்தில் இந்தப் பெட்டிகள் வாசகர்களுக்குத் திறக்கப்படும். அடையாள அட்டை காட்டும் எவரும் கேட்டு வாங்கலாம். அந்தக் குழுக்காரர்களும் வாங்கலாம்.

அன்று மாலை, வேலையால் வந்தவளைச் சப்பாத்துக் கழற்றவும் விடாமல் கேட்டேன்.

"பஸ் தரிப்பில நடந்ததை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

சப்பாத்தில் வைத்த கையை எடுத்து நிமிர்ந்தாள். "என்ர பேப்பரை வாசிச்சனீங்களோ?"

"அது என்ர வேலை."

"உறையில போடுறதுதான் உங்கட வேலை."

"தனிய அங்க நிண்டு என்ன செய்தனீ?"

சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. "பாத்தியளே? அந்தப் பேராசிரியை மதாம் இப்பிடி ஒண்டும் கேக்கேல்லை. அதாலதான் அவவுக்குச் சொன்னனான்."

"நாளைக்கே அந்தத் தாளைக் கிழிச்சு எறியிறன்."

"கிழிச்சுப் பாருங்கோ. பேந்து நான் உங்களோட கதைக்க மாட்டன்."

என் கணவர் உள்ளேயிருந்து, "மெல்லக் கதையுங்கோ, கீழ்வீட்டுக்குக் கேக்கும்" என்றார்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. எச் போட்ட ஆள் நீங்கள்தானே!" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

மறுநாள் தாளை என் மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். குடும்பப் பெயர் மூடியிருக்கிறதே, முதற்பெயரை வைத்து யார் கண்டுபிடிப்பார் என்று பிரெஞ்சில் கேட்டார். இணையத்தில் தேடிப் பாருங்கள் என்றேன். தேடினார். முதலில் வந்தது கல்லூரிப் பூப்பந்தாட்ட அணியின் படம். அடுத்தது சென்ட் லோரன்டில் அவள் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையின் பக்கம். மூன்றாவது என்று ஒன்று இல்லை. உலகத்தில் அந்தப் பெயர் அவளுக்கு மட்டும்தான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், மதாம்?"

"என் மகள்."

"உங்கள் பெயர் வேறாக இருக்கிறதே?"

"என்னுடையது என் அப்பாவின் பெயர்."

அவர் முகம் சிவந்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. உறவினரின் தாள் உள்ள பெட்டியை நான் தொடக் கூடாது, அது விதி என்றார். விதி சரிதான். அதற்காகவே அந்த ஆளை எனக்குப் பிடிக்காமல் போனது. இன்னும் நான்கு தாள்களில் இதே பிழை இருப்பதைச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கொடுத்தேன்.

என் மகளுக்கு அவரே தொலைபேசி எடுத்திருக்கிறார். தாளை முழுதாக மூடிவைக்கலாம், அல்லது வேறு பெயரில் திறக்கலாம் என்று. திறக்கச் சொல்லிவிட்டாள். ஒரு பெயரும் கொடுத்தாளாம்.

இப்போது பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவனின் சட்டைக் கையையும் முறைத்துப் பார்க்கிறேன். போன கிழமை ஒருவன், "என்ன பிரச்சினை உனக்கு?" என்று கேட்டான். அவன் சட்டைக் கையில் காப்பிக் கறை மட்டும்தான் இருந்தது.

"என்ன பேர் குடுத்தனீ?" என்று மகளைக் கேட்டேன்.

"உங்களுக்கு ஏன்?"

"தேடிப் பாக்க வேணும். வேற ஆருக்கும் அந்தப் பேர் இருக்கோ எண்டு."

"நான் பாத்திட்டன். எத்தினையோ பேருக்கு இருக்கு."

மறுநாளும் கேட்டேன். சொல்லவில்லை.