அண்ணி சொன்ன 'கொலாப்ஸ்'

"விழுந்தார் சரி, எப்படி விழுந்தார்?" டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டதும், அண்ணி கட்டிலில் படுத்திருந்த கொழுந்தனைப் பார்த்தார்.

அண்ணி தையல்காரி. மாலை வகுப்புக்குப் போய் ஆங்கிலம் கற்றவர். அதனால் தமிழ் தெரியாத டாக்டரிடம் பேசவேண்டுமென்றால் தெருவே அவரைத்தான் இழுத்துக்கொண்டு ஓடும். இன்று பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தது சொந்தக் கொழுந்தனுக்காக. அவன் பெயின்டர். சாரத்தின் கீழ்த்தட்டிலிருந்து விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். 'ட்ரிப்'பா, கால் தடுக்கியதா? 'ஸ்லிப்'பா, வழுக்கியதா? இல்லை, 'கொலாப்ஸ்', நினைவு தப்பிச் சரிந்தாரா?

கொழுந்தன் முந்திக்கொண்டான். "ஸ்லிப்புன்னு சொல்லுங்க அண்ணி. பலகை ஈரமா இருந்துச்சு."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

"காதல்ல விழுறதுக்கும் இங்கிலீஷ்ல 'ஃபால்'தானே? வேணும்னா அதைக்கூடச் சொல்லுங்க. கொலாப்ஸ் மட்டும் வேணாம்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. வழுக்குகிறவன் எதையாவது பிடிக்கப் பார்ப்பான், தரையில் கையை ஊன்றுவான். இவன் உள்ளங்கைகளில் பெயின்ட் காய்ந்திருந்தது, ஒரு சிராய்ப்பு இல்லை. அடி மொத்தமும் முகத்தில்.

"கையை ஏன்டா ஊனல?"

அவன் உள்ளங்கைகளை மூடிக்கொண்டான்.

"மயக்கமா?"

"முன்னாடியும் வந்திருக்கு அண்ணி." குரல் உள்ளே போய்விட்டது. "மேஸ்திரிக்குத் தெரிஞ்சா இனி சாரத்துல ஏத்தமாட்டாரு. எனக்கு வேற என்ன வேலை தெரியும்? புள்ளைங்களை யாரு பார்ப்பா?"

அண்ணி யோசித்தார். 'ஸ்லிப்' என்றால் மோவாயில் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். நாளை மேல்தட்டில் நிற்பான்.

"கொலாப்ஸ்," என்றார் டாக்டரிடம்.

கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். இதயம் நடுநடுவே நின்று நின்று துடித்தது. சிகிச்சை நடந்தது, உயிர் தப்பியது. சாரம் மட்டும் போனது. இப்போது ஒரு தச்சர் பட்டறையில் தரையில் நின்றபடி கதவுகளுக்கு வர்ணம் அடிக்கிறான். வருமானம் குறைவு. "என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே," என்று இன்னமும் அண்ணியைக் குத்திக்காட்டுகிறான்.

"திட்டட்டும்," என்கிறார் அண்ணி, மெஷினை மிதித்துக்கொண்டே. "திட்ட ஆள் இருக்கே, அது போதும்."

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உயரத்தில் நின்று வேலை செய்கிறாரா? இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவர் வீட்டாருக்கும் சொல்லுங்கள்.