ஆர்டிஸ் தனக்கே எழுதியவை

அமெரிக்காவில் பெரிய ஏரி ஒன்றின் கரையிலுள்ள டுலூத் துறைமுகத்தை ஒட்டி, மீனும் இறைச்சியும் கெடாமல் குளிரில் வைக்கும் உறைகிடங்கு நிறுவனத்தில் ஆர்டிஸ் ஹாகலாவுக்கு வேலை மூன்றாம் மாடியில். ஒரு காலத்தில் அந்த மாடி கலகலவென்று இருந்தது. பிறகு பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்யப் போனார்கள், மீதிப் பேரை மினியாபொலிஸ் அலுவலகம் இழுத்துக்கொண்டது. ஆர்டிஸ் மட்டும் ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் அப்படியே இருந்துவிட்டாள். எழுந்து போகும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நிறுவனத்தின் மேல் யாராவது வழக்குப் போட்டால் அவளுக்கு வேலை வரும். எதிர்த்தரப்பு கேட்கிற கடிதங்கள், மின்னஞ்சல்கள், கணக்குத் தாள்கள், படங்கள் எல்லாவற்றையும் ஊழியர்களின் கணினிகளிலிருந்து திரட்டி, இணையத்தில் இருக்கும் பரிசீலனைத் தளத்தில் ஏற்றுவது அவள் பொறுப்பு. ஏற்றியதை, ஓர் ஏஜென்சி மூலம் நிறுவனம் அமர்த்திய, எங்கெங்கோ வீட்டில் உட்கார்ந்திருக்கும் வக்கீல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, வழக்குக்குச் சம்பந்தம் உண்டு, இல்லை என்று முத்திரை குத்துவார்கள். திறக்காத கோப்பு வந்தால் அதைச் சரிசெய்து கொடுப்பதும் ஆர்டிஸ்தான். உதவி எண்ணைக் கூப்பிட்டால் அவள் மேஜைத் தொலைபேசிதான் அடிக்கும்.

அந்த வருடம் ஒரு மீன் வியாபாரி வழக்குப் போட்டார். கிடங்கின் ஓர் அறை சூடேறிப் போய், அவர் சரக்கு முழுக்கக் கெட்டுவிட்டதாம். அறை சூடேறினால் தானாக வரும் எச்சரிக்கை அஞ்சல்கள் யார் யாருக்குப் போயின என்று தேடியபோது அதில் ஆர்டிஸின் பெயரும் இருந்தது. என்றோ அவள் சரக்குப் பிரிவில் இருந்தபோது சேர்த்த பெயர், யாரும் எடுக்கவில்லை.

நிறுவன வக்கீல் கோர்டன் பிரெக்கி மினியாபொலிஸிலிருந்து கூப்பிட்டார்.

"ஆர்டிஸ், உங்க இன்பாக்ஸையும் ஏத்தணும். ஒண்ணு விடாம."

"எச்சரிக்கை அஞ்சல் மட்டும் போதாதா? நான் அதைத் திறந்துகூடப் பாத்ததில்ல."

"முழுசாத்தான் கேட்டிருக்காங்க. நம்ம ஆளுங்க படிச்சு, சம்பந்தமில்லாததைத் தள்ளிடுவாங்க. எதிர்த்தரப்புக்கு அது போகாது."

"நானே எனக்கு அனுப்பிக்கிட்டதும் வேணுமா?"

கோர்டன் சிரித்தார். "என்ன, காதலன் கீதலன் யாராவது ஒளிஞ்சிருக்கானா?"

"இருந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றாள் ஆர்டிஸ். அவரும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

காதலன் இல்லை. ஆனால் மறைக்கத் தோன்றுகிற ஒன்று இருந்தது.

பக்கத்து மேஜையில் மார்லிஸ் என்றொருத்தி இருந்தாள். இருவரும் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டே ஒருவருக்கொருவர் அஞ்சல் அனுப்பிச் சிரித்துக்கொள்வார்கள். மார்லிஸ் ஓய்வு பெற்று அரிசோனா வெயிலுக்குப் போய்விட்டாள். முதல் கிறிஸ்துமஸுக்கு அட்டை வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அவள் போன பின்னும் ஒரு நாள் ஆர்டிஸ் கைப்பழக்கத்தில் பழைய முகவரிக்கே ஏதோ எழுதி அனுப்ப, அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. எழுதியதை வீணாக்க மனமில்லாமல் முகவரியை அழித்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டாள். சற்று நேரத்தில் இன்பாக்ஸில் புது அஞ்சல் என்று மணி அடித்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது.

அதிலிருந்து அது வழக்கமாயிற்று. மதியம் சாண்ட்விச்சைத் தின்றபடி எழுதுவாள். *இன்று வந்த கப்பலின் முன்பக்கம் முழுக்கப் பனிக்கட்டி. கல்யாண கேக் மாதிரி இருந்தது. ஒருவன் கோடாரியால் தட்டிக்கொண்டிருந்தான், பாதி கேக்கோடு களைத்துப் போய் உட்கார்ந்துவிட்டான்.* இன்னொரு நாள்: *காபி மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் அதன் கறை மட்டும் இருக்கிறது. நேற்று மறந்துபோய்க் கோப்பையோடு அதன் முன்னால் நின்றேன்.* அவ்வளவுதான். இதில் எந்தச் சூடேறிய அறையும் இல்லை, எந்த மீனும் இல்லை.

இப்போது அதையெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் படிக்கப் போகிறார்கள்.

தனக்கு அனுப்பிக்கொண்டதையெல்லாம் போட்டு வைத்திருந்த போல்டரை மட்டும் ஒதுக்கிவிடலாம். எவருக்கும் தெரியாது, ஏற்றுகிறவளே அவள்தான். சுட்டியை அதன் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வழக்கு நடக்கும்போது ஒரு வரியைக்கூட அழிக்கக் கூடாது, ஒளிக்கக் கூடாது என்று ஊழியர்கள் எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்புகிறவளும் அவள்தான். கன்னம் சுட, மொத்தத்தையும் ஏற்றினாள். நீலப்பட்டை மெல்ல நகர்ந்து முடிவுக்கு வந்தது. 'ஏற்றம் நிறைவுற்றது' என்றது திரை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் உதவி எண்ணுக்கு அழைப்பு வந்தது.

"ஏங்க, உதவிக்கு இந்த நம்பர்தானே? நான் ரொவீனா டக்கெட், ஓஹையோவிலேர்ந்து. அந்த உறைகிடங்கு வழக்கைப் படிச்சிட்டிருக்கேன். ஒரு படம் திறக்க மாட்டேங்குது."

"எந்த ஊழியரோட கோப்புங்க?"

"ஹாகலான்னு ஒருத்தங்க."

ஆர்டிஸின் கை விசைப்பலகை மேல் நின்றுவிட்டது. அழைப்பை எடுக்கும்போது அவள் 'உதவிப் பிரிவு' என்று சொன்னாளே தவிரப் பெயர் சொல்லவில்லை.

"ஒரு நிமிஷம். பாக்கறேன்."

"நிதானமாப் பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நேத்திலேர்ந்து இந்தம்மா எழுதினதைத்தான் படிச்சிட்டிருக்கேன். வழக்குக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. முதல் வரியிலேயே தெரிஞ்சுபோச்சு. ஆனா கடைசி வரைக்கும் படிச்சுட்டுத்தான் முத்திரை குத்தறேன்."

"ஏன் அப்படி?"

"ஏன்னா... மத்தவங்க அஞ்சலெல்லாம் ஒரே அடிதடிங்க. அவன் தப்பு, இவன் தப்புன்னு. இவங்க மட்டும் ஏரியைப் பத்தி எழுதறாங்க, ஒரு கடல்புறா தன்னோட ரொட்டியைத் தூக்கிட்டுப் போனதைப் பத்தி எழுதறாங்க. காபி மெஷின் முன்னாடி கோப்பையோட நின்னாங்களாம். நான் சத்தம் போட்டுச் சிரிச்சேன். அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. யாருக்கு எழுதியிருக்காங்கன்னு பாத்தா, அவங்களுக்கே. பாவம், வீட்ல யாரும் இல்லாதவங்க போல. நானும் அப்படித்தான், வச்சுக்கோங்க. நாள் முழுக்க அடுத்தவங்க எழுதினதைப் படிக்கறேன், யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசறதில்ல. அதான் உங்களைப் பிடிச்சுக்கிட்டு அறுக்கறேன்."

"பரவால்ல, பேசுங்க."

"அவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்திருக்கேன்," என்றாள் ஆர்டிஸ். "இதே கட்டிடம்தான்."

"எப்படி இருப்பாங்க?"

ஜன்னல் கண்ணாடியில் நரைத்த தலை, பழுப்பு ஸ்வெட்டர், காதோரம் தொலைபேசி. "சாதாரணமா இருப்பாங்க. பத்து பேரோட நின்னா தெரியாது."

"அப்படித்தான் நினைச்சேன். நல்லா எழுதறாங்கன்னு யாராவது சொன்னாங்களான்னு தெரியல."

அந்தப் படம் பழைய கைபேசியில் எடுத்தது, தளத்துக்குப் பிடிபடாத வகை. ஆர்டிஸ் அதை மாற்றி மறுபடி ஏற்றினாள். மறுமுனையில் ரொவீனா மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது.

"வந்துடுச்சு! அடேயப்பா, இது ஏரியா? ஐஸ் எல்லாம் உடைஞ்ச கண்ணாடி மாதிரி கரையில அடுக்கி நிக்குது. நீலமா இருக்கே!"

"மார்ச்சுல காத்து திரும்பினா அப்படி ஒதுங்கும்."

"நேர்ல பாத்தவங்க மாதிரி சொல்றீங்களே. சரிங்க, 'சம்பந்தமில்லை'ன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போறேன். ரொம்ப நன்றி."

தொலைபேசியை வைத்த பிறகும் ஆர்டிஸால் வேலை பார்க்க முடியவில்லை. மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். காலி மேஜைகளின் மேல் கையை ஓட்டிக்கொண்டே போனாள். தன் எழுத்தைப் படித்து ஓஹையோவில் ஒருத்தி சத்தம் போட்டுச் சிரித்தாளாம். சொல்லாமல் இருப்பது பொய் சொன்னதற்குச் சமம் என்று அவளுக்குப் பட்டது. அது மட்டுமா? சொல்லிவிட்டால் இன்னும் கொஞ்சம் பேசலாமே என்ற ஆசையும் இருந்தது.

மதியச் சாப்பாட்டை எடுக்கக்கூட இல்லை. அழைப்பு வந்த எண்ணையே திருப்பி அழைத்தாள்.

"ரொவீனா, காலையில பேசினேனே, உதவிப் பிரிவு. ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். நான்தாங்க ஆர்டிஸ் ஹாகலா."

மறுமுனையில் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

"ஐயோ, யாருமில்லாதவங்கன்னு வேற சொல்லிட்டேனே."

"தப்பா ஒண்ணும் சொல்லலையே. உள்ளதுதான்."

"காபி மெஷின் திரும்ப வந்ததா?"

"இல்ல. இப்ப வீட்லேர்ந்து பிளாஸ்க்ல கொண்டு வந்துடறேன்."

இருவரும் சிரித்தார்கள். அதன் பிறகு ரொவீனாவின் குரல் இறங்கியது.

"ஆர்டிஸ், நான் உங்ககிட்ட பேசவே கூடாதுங்க. ஆவணத்துல வர்ற ஆளுங்களோட எந்தப் பழக்கமும் வச்சுக்க மாட்டேன்னு ஏஜென்சியில கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். நாளைக்கு நீங்க சாட்சியா வந்தா வம்பு. இந்த அழைப்பைப் பத்தி நான் அவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல, இல்ல. சொல்லிடுங்க. நானும் அதே மாதிரிதான் செய்வேன்."

"காலையிலேயே நீங்க சொல்லாம இருந்ததுக்கு எனக்குக் கோபமில்ல. இப்ப சொன்னதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. "உடம்பைப் பாத்துக்கோங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் தளத்தில் ஹாகலாவின் கோப்புகள் வேறொருவர் பெயருக்கு மாறியிருந்தன. அந்த ஆள் ஒன்றையும் திறக்கவில்லை. மிச்சம் மொத்தத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரே அமுக்கில் 'சம்பந்தமில்லை' என்று தள்ளிவிட்டார். வேலை என்ற முறையில் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ரொவீனாவை வேறு வழக்குக்கு அனுப்பிவிட்டதாகவும், தளத்தில் அவளுடைய கணக்கை மூடிவிடும்படியும் ஏஜென்சியிலிருந்து ஒரு வரி வந்தது. மூடுவதும் ஆர்டிஸின் வேலைதான். மூடினாள்.

அதற்கப்புறம் மதியங்களில் அவள் தனக்கு எதுவும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஓஹையோவில் யாரோ படிக்கிற மாதிரி வாக்கியம் வந்தது. படிக்க அங்கே யாரும் இல்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

இலை உதிரும் காலத்தில் வழக்கு சமாதானமாக முடிந்தது. கோர்டன் டுலூத் வந்து, ஏரிக்கரைச் சாலையில் இருக்கும் ஓர் உணவகத்துக்கு அவளை அழைத்துப் போனார். நல்ல மனிதர்தான். பொரித்த ஏரி மீனை இருவருக்கும் சொல்லிவிட்டு, மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"சொல்லுங்க ஆர்டிஸ். உங்க இன்பாக்ஸை ஏத்தச் சொன்னப்ப ரொம்பத் தயங்கினீங்களே. என்னதான் இருந்தது அதுல?"

இத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். ஆர்டிஸ் கைத்துண்டை மடித்து வைத்தாள்.

"மார்லிஸ்னு ஒருத்தி எங்ககூட இருந்தா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அவ போனப்புறம் நான்..."

அவருடைய கைபேசி அடித்தது. பார்த்தார், முகத்தைச் சுளித்தார், ஒரு விரலைக் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனார். கார்களுக்கு நடுவே குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு அவர் நடந்து நடந்து பேசுவது கண்ணாடி வழியே தெரிந்தது. மீன் வந்தது. அவர் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள், பிறகு ஆறிக்கொண்டிருக்கிறதே என்று ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள்.

பரிமாறும் பெண் வந்து, "எல்லாம் நல்லாருக்காம்மா?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு."

கோர்டன் கைகளைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். "மன்னிச்சுக்கோங்க. புது வழக்கு ஒண்ணு, திங்கக்கிழமை உங்களுக்கு வந்துடும். என்னமோ சொல்லிட்டிருந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல," என்றாள் ஆர்டிஸ். "சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு."