கோபுரத்தைச் சாய்த்தவள்

செல்லாயி சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஏறிக்கொண்டிருக்கிறாள். மாதாகோயில் கோபுரம் மேலே போகப் போகக் குறுகி, கடைசியில் ஓர் ஆளின் தோள் நுழையும் அளவுக்கு வந்துவிடும். உள்ளே அடித்திருக்கும் குறுக்குச் சட்டங்கள்தான் படி. ஒவ்வொரு சட்டத்தையும் மலாய் பாஷையில் முனகி எண்ணுவாள்: "சத்து... டுவா... தீகா..." முப்பத்தொன்றாவதில் நின்று, கரையான் பிடிக்காமலிருக்க முட்டுக்கட்டைகளுக்கு மண்ணெண்ணெய் தேய்ப்பாள். வாயில் வெற்றிலை இருக்கும். கோயிலுக்குள் துப்பக் கூடாதென்பதால் எண்ணிக்கையைத் தவிர வேறு பேச்சு வராது. இறங்கி, வேலிக்கு அப்பால் போய்த் துப்பிவிட்டு வந்து, "கெழவன் நல்லாத்தான் நிக்கிறான்" என்பாள்.

கெழவன் என்றால் கோபுரம். அதற்கு எட்டு வயதுதான் ஆகிறது. ஆனால் முதுகு வளைந்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

ஈப்போவிலிருந்து மாட்டுவண்டியில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது எங்கள் ரப்பர் தோட்டம். செல்லாயி பால்மரம் வெட்டுகிறவள். வயது முப்பதுக்குள் இருக்கும். கோயில் புத்தகத்தில் அவள் பெயர் மரியம்மாள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் யாரும் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. அறுபது அடி உயரத்தில் ஒற்றைக் கையால் தொங்கி வேலை செய்பவள், பால் வாளிக்குள் தவளை ஒன்று இருந்துவிட்டால் தோட்டத்தின் அடுத்த டிவிஷன் வரை கேட்கும்படி அலறுவாள். அதைச் சொல்லிச் சிரித்தால் கோபம் வராது. "இருக்கட்டும்லா, அது கண்ண பாத்தீங்களா நீங்க?" என்று திருப்பிக் கேட்பாள்.

இப்படிச் சிரிக்கிறவளாக நான் அவளை முதலில் பார்க்கவில்லை. தோட்டப் பள்ளிக்கு வாத்தியாராக நான் வந்தது 1926-இல். அப்போதெல்லாம் முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்பாதையில் போகும் ஒருத்தியாகத்தான் அவளைத் தெரியும். "அவ யாருன்னு தெரியுமா வாத்தியாரே? கோபுரத்தச் சாய்ச்சவ" என்றார்கள்.

நடந்தது இதுதான். 1920-ஆம் ஆண்டு பாஸ்குப் பண்டிகை கழிந்த வாரத்தில் செல்லாயிக்கும் அருளப்பனுக்கும் அந்தப் புதுக் கோயிலில் கல்யாணம். பெண் வாசலுக்கு வந்த நேரத்தில் மேலே மடாரென்று ஒரு சத்தம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கோபுரத்தின் உச்சி ஒரு பக்கமாக முறுக்கிச் சாய்ந்திருந்தது.

மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் வெள்ளைக்காரச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு, தம் தேசத்துக் கதை இரண்டைச் சிரிப்புக்காகச் சொன்னார். பழைய காலத்துக் கோயில் ஒன்றின் உச்சியில் பிசாசு உட்கார்ந்திருந்ததாம். சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறித் தும்மியதில் கோபுரம் முறுக்கிக்கொண்டதாம். இன்னொரு கோயிலில், மாசற்ற மணப்பெண் ஒருத்தி வந்ததைப் பார்க்கக் கோபுரமே குனிந்ததாம். சாமியார் வண்டியேறிப் போய்விட்டார். கதைகள் இரண்டும் லயத்தில் ஒன்றாகிப் போயின: செல்லாயியைப் பார்த்ததும் கோபுரத்துப் பேய் தும்மிவிட்டது.

மறு வருஷம் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளின் கைக்குழந்தை காய்ச்சலில் போயிற்று. முந்தின நாள் அதைத் தூக்கி வைத்திருந்தவள் செல்லாயி. "கோபுரத்தச் சாய்ச்சவ கை பட்டுச்சே" என்று கருப்பம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்று முதல் செல்லாயி எந்தக் குழந்தையையும் தொட்டதில்லை. அவளை யாரும் விசேஷத்துக்குக் கூப்பிட்டதுமில்லை. அவளுக்கும் குழந்தை தங்கவில்லை. அருளப்பன் மட்டும், யார் என்ன சொன்னாலும், அவளோடுதான் சாப்பிட உட்காருவான்.

நான் வந்த வருஷமே, பெருவெள்ளம் வந்த மார்கழி மழையில் கோபுரம் ஒழுக ஆரம்பித்தது. தண்ணீர் வடிந்தபின் சாமியார் ஈப்போவிலிருந்து ஒரு சீனத் தச்சரை அழைத்து வந்தார். உச்சி வரை யாராவது நுழைந்து மரத்தைப் பார்க்க வேண்டும். தச்சரோ பருத்த உடம்புக்காரர். தோட்டத்து ஆண்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள்.

பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த செல்லாயி வாளியைக் கீழே வைத்தாள்.

"நான் ஏறுறேன்."

அருளப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "வேணாம் புள்ள."

"ஏழு வருசமா தலய குனிஞ்சிக்கிட்டே போயாச்சு. பேய் இருந்தா மூஞ்சிய பாத்து கேட்டுட்டு வாரேன், ஏன்டா என் கல்யாணத்துல தும்முனேன்னு."

உள்ளே போனாள். "சத்து... டுவா..." குரல் மேலே போகப் போகச் சன்னமாகி நின்றுவிட்டது. மரத்தூள் கொஞ்சம் உதிர்ந்தது. அருளப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாத்தியாரே!" மேலேயிருந்து சத்தம் வந்தது. "இங்க முட்டுக்கட்ட வச்சிருக்கு. அதுல என்னமோ எழுதியிருக்கு!"

"என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு என்னத்த தெரியும்! ஒரு கரித்துண்டு குடுத்தனுப்புங்க."

அவள் இறக்கிவிட்ட கயிற்றில் கட்டி அனுப்பினோம். எழுத்து தெரியாத அந்தப் பெண், இருந்த கோடுகளை இருந்தபடியே தன் முன்கையில் வரைந்துகொண்டு இறங்கி வந்தாள். முகமெல்லாம் ஒட்டடை. கையை என் முன்னால் நீட்டினாள்.

ஒன்பது, மூன்று, இருபது.

தச்சர் பார்த்ததும் புரிந்துகொண்டார். முட்டு அடித்த நாளைக் கட்டையிலேயே எழுதிவைப்பது அவர்கள் தொழிலில் வழக்கமாம். செல்லாயி கூடவே பிய்த்து வந்திருந்த மரச் சிம்பை முறித்துப் பார்த்து, "காயு மூடா, காயு பாசா!" என்றார். இளம் மரம், ஈர மரம். காயாத பச்சை மரத்தில் அவசரமாகக் கட்டியிருக்கிறார்கள். வெயில் பட்ட பக்கம் முதலில் காய்ந்து, மரம் முறுக்கிக்கொண்டது. கட்டியவர்கள் அதைப் பார்த்து, யாருக்கும் சொல்லாமல் முட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கல்யாணத்தன்று வெடித்தது கடைசிச் சட்டம்.

சாமியார் கோயில் புத்தகத்தை எடுத்துவந்து புரட்டினார். "ஏப்ரல் பன்னிரண்டு, திருமணம். முட்டு அடித்தது மார்ச் ஒன்பது, தவக்காலத்தில்" என்றார். தாம் சொன்ன கதை இந்த ஏழு வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

செல்லாயி என்னைப் பார்த்தாள். "அப்ப நான் இல்லையா?"

"நீ இல்லை, செல்லாயி. ஒரு மாதத்துக்கு முன்பே சாய ஆரம்பித்துவிட்டது."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஈரப் புல்லிலேயே கால்களை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, கேட்டீங்களா, நான் இல்லயாம்!" என்று புருஷனிடம் சொன்னாள். சிரித்தாள். அழுதாள். பிறகு விக்கல் பிடித்துக்கொண்டது. அருளப்பன் முதுகைத் தட்டிக்கொண்டேயிருந்தான். தச்சர் தம் தேநீர்க் குவளையை நீட்டினார். அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "யப்பா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிட்டது.

கருப்பம்மாளும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். கூட்டம் கலையுமுன் போய்விட்டாள். மூன்று நாள் கழித்துக் காலையில், செல்லாயி பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்குத் தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள்.

"கோப்பி ஆறுது. குடி."

"நீ குடிச்சியாக்கா?"

"இல்ல."

மூடியில் பாதி, சட்டியில் பாதியாக இருவரும் குடித்தார்கள். இறந்த குழந்தையைப் பற்றி இருவருமே பேசவில்லை. அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வருகிறார்கள்.

கோபுரத்தை நிமிர்த்த முடியாது, ஆனால் விழாது என்று தச்சர் சொல்லிவிட்டார். முட்டுகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையைச் செல்லாயியே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் கருப்பம்மாளின் மூத்த மகளுக்குக் கல்யாணம். பூசை முடியும்போது மழை நின்று தூறலாக இருந்தது. வாசலில் கருப்பம்மாள் ஆலத்தித் தட்டைச் செல்லாயியின் கையில் கொடுத்தாள். செல்லாயி ஒரு கணம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூன்று சுற்றுச் சுற்றிப் பொட்டு வைத்தாள். மணப்பெண் படியிறங்காமல், மிரண்ட கண்களோடு சாய்ந்த கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். செல்லாயி தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, பெண்ணின் மோவாயை இரண்டு விரலால் பிடித்து, மழையில் நனைந்து வழுக்கிக் கிடந்த படியின் பக்கம் மெல்லத் திருப்பிவிட்டாள்.